இடது கன்னம்

கச்சிராயபாளையம்
29.06.2025

மேரிக்கு,

தைரியநாதன் எழுதுவது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். இதுவரை அவசியம் வரவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம்.

நீ கரியாலூர்ப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனது மாயவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வண்டி ஓட்டிய காலத்தில் என்னோடு கண்டக்டராக இருந்தவன் என்பதால் சொன்னான். "அண்ணே, அண்ணி பொட்டியோட நம்ம வண்டியிலதான் ஏறுனாங்க. இன்னா விசயம்னு கேட்டேன், தலைய மட்டும் ஆட்டுனாங்க" என்றான். நீ கதவைச் சாத்திய சத்தம் எனக்குக் கேட்டது. படுத்திருந்தேன். வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாய் என்று நினைத்தேன்.

நான்கு முறை போன் செய்தேன். இரண்டு முறை நீ எடுத்தாய். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வைத்துவிட்டாய். ஒரு 'அலோ'வுக்குக்கூட நான் லாயக்கில்லையா?

பிரின்சியை ஓசூருக்கு வண்டியேற்றிவிட்டு வந்த அன்று மாலை நடந்ததை நான் மறக்கவில்லை. பெண் போய்விட்டாளே என்று நீ அடுப்படியில் உட்கார்ந்திருந்தாய். ஆறுதலாக உன் கன்னத்தில் கை வைத்தேன். நெருப்பை மிதித்தவள் போல அலறி, இரண்டு கையாலும் என்னைத் தள்ளினாய். கிரைண்டர் மேல் போய் விழுந்தேன். பதினோரு நாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூசுக்குப் போனேன். நீ சோறு வைத்தாய், மாத்திரை வைத்தாய். எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த முதுகை வைத்துக்கொண்டு கிடப்பவனோடு வாழப் பிடிக்கவில்லை என்றால் எழுதிவிடு. உன் அறையில் சிக்னல் இல்லையாம். மாயவனிடம் கொடு, வந்து சேரும்.

தைரியநாதன்

*

கரியாலூர்
06.07.2025

பிரின்சி அப்பாவுக்கு,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கு அந்த வரி இன்று வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

போனில் நான் பேசாததற்குக் காரணம் இருக்கிறது. பேச முடியவில்லை. 'பிடிக்கவில்லை' என்பதை 'முடியவில்லை' என்று மாற்றி எழுதுவதாக எண்ணாதீர்கள். என்னால் முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், சாம்பல் புதன் காலையில், குழாயடியில் முகம் கழுவும்போது முதலில் வந்தது. தாடையிலிருந்து கண்ணோரம் வரை கரண்டு கம்பியை வைத்து இழுத்தது போல. எண்ணி ஐந்து நொடி. அப்புறம் ஒன்றுமே இல்லை, சுத்தமாக ஒன்றுமே இல்லை. கையில் பிடித்த தண்ணீரோடு அப்படியே நின்றேன். பல் என்று நினைத்தேன். பல் கிளினிக்கில் ஒன்றைப் பிடுங்கினார்கள். போகவில்லை. இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்று நல்ல பற்கள் போன பிறகு, "பல்லுல ஒண்ணும் இல்லம்மா, மனச நிம்மதியா வெச்சிக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். "பல்லு வலிக்கா இம்மாம் ஆர்ப்பாட்டம்?" என்றீர்கள்.

பல் துலக்கினால் வரும். மென்றால் வரும். மின்விசிறிக் காற்று பட்டால் வரும். பேசினால் வரும். எந்த வார்த்தையில் வரும் என்று தெரியாது. 'ப' வரும் சொற்களுக்குப் பயந்தேன், உதடு ஒட்டிப் பிரிய வேண்டுமே. வகுப்பில் பேசித் தீர வேண்டும். அதனால் வீட்டில் பேசுவதைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "வாயத் தொறந்தா முத்தா உதிந்துடும்?" என்றீர்கள். இல்லை என்று பதில் சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே.

அன்று நான் தள்ளியது உங்கள் கையை இல்லை. நீங்கள் விழுந்ததைப் பார்த்தேன். ஓடி வந்து தூக்கியிருக்க வேண்டும். அந்த நொடியில் நான் சுவரில் தலையை வைத்து, அது போகட்டும் என்று காத்திருந்தேன்.

ஏன் மலைக்கு வந்தேன் என்று நினைப்பீர்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்காத இடமாக வேண்டியிருந்தது. இங்கே வர யாரும் விரும்புவதில்லை. கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வலிக்குப் படம் இருந்தது. டிஸ்க் என்று பெயர் இருந்தது. பெல்ட் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் "முதுகு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மேரி

*

கச்சிராயபாளையம்
20.07.2025

மேரிக்கு,

படித்தேன். இரண்டு வாரம் பதில் எழுதவில்லை, கோபத்தில்.

தொட்டால் அலற வைக்கும் நோய் என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. டிப்போவில் சுப்புராயனிடம் கேட்டேன். அவனும் கேள்விப்பட்டதில்லை என்றான். இத்தனை நடந்திருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் காட்டியிருக்கலாமே? தமிழ் டீச்சர்தானே நீ?

என் வலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டாயா? வந்து வாங்கிக்கொண்டு போ. இடுப்பில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. ஆசைப்பட்டா மூன்று வருடம் படுத்துக் கிடக்கிறேன்? லைட் டூட்டியில் டோக்கன் கொடுக்கிற வேலைகூட இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று நிரந்தரமாகச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். அதற்குக் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும்.

உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நீ சொல்வது உண்மையா?

உண்மை என்றால், எந்தப் பக்கம்? யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

தைரியநாதன்

*

கரியாலூர்
03.08.2025

பிரின்சி அப்பாவுக்கு,

இடது பக்கம்.

மழை பிடித்துக்கொண்டது. காலையில் பனி பள்ளிக்கூட வாசல் வரை வந்து நிற்கிறது. காற்று எனக்கு ஆகாது என்று தெரிந்தும் காற்றுக்குப் பேர்போன இடத்துக்கு வந்திருக்கிறேன் பாருங்கள். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு வகுப்பெடுக்கிறேன். பாடம் முழுவதையும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். எட்டாம் வகுப்பில் இலக்கியா என்று ஒரு பெண். அவள் எழுந்து உரக்கப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். போன செவ்வாய்க்கிழமை அவள் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தாள். 'ழ' என்று திருத்த வாயைத் திறந்தேன். மேசையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். நாற்பது பிள்ளைகள். ஒருவரும் அசையவில்லை.

மறுநாள் தலைமை ஆசிரியர் எழுத்தில் விளக்கம் கேட்டார், 'வகுப்பில் ஏன் பேசுவதில்லை?' என்று. பேசாமல் பாடம் நடத்த அரசாங்கத்தில் விதி இல்லையாம். விளக்கத்தை இன்னும் கொடுக்கவில்லை. என்ன நோய் என்று எழுதுவது?

சோறு மெல்ல முடியவில்லை. அடுத்த வீட்டில் இருக்கும் கொளஞ்சியம்மாள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், ரிஷிவந்தியம் பக்கம் ஊர். அவர் கஞ்சி கொண்டுவந்து வைக்கிறார். "நீ பேசலன்னா இன்னா டீச்சர், நான் பேசறேன் நீ கேளு" என்பார். அவர் போன பிறகு அறை ரொம்பவும் அமைதியாகிவிடுகிறது.

நீங்கள் 'உண்மையா' என்று கேட்டதால் இதையும் எழுதுகிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து அருவிக்குப் போனேன். வந்தவர்கள் குளித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் மேலே பாறையில் நின்றுகொண்டிருந்தேன். அருவியைப் பார்க்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் நின்றேன். வனத்துறை ஆள் வந்து, "எறங்கி வாங்க டீச்சர், வழுக்கும்" என்றார். இறங்கி வந்துவிட்டேன்.

அன்றைக்கு வந்துவிட்டேன்.

மேரி

*

கச்சிராயபாளையம்
08.08.2025

மேரி,

அருவிப் பக்கம் போகாதே. முதலில் இதைப் படித்துக்கொள். போகாதே. மாயவனிடம் சொல்லியிருக்கிறேன், தினமும் வண்டி அங்கே வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். நீ கையை மட்டும் ஆட்டு. போதும். என்ன ஏது என்று அவனிடம் சொல்லவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி போனேன். சான்றிதழுக்கு முன்னால் பிசியோதெரபி பிரிவில் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பாரதி என்று ஒரு அம்மா, நம் பிரின்சியைவிட நாலைந்து வயது கூட இருக்கும். என் முதுகைப் பார்க்க வந்தார். நான் "இத மொதல்ல படிங்கம்மா" என்று உன் கடிதத்தில் வலியைப் பற்றி எழுதிய பக்கத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"எத்தினி பல்லு புடுங்கினாங்க?"

"மூணு."

"இது பல்லு இல்லிங்க. நரம்பு. மூளையிலேர்ந்து மொகத்துக்கு மூணு கிளையா ஒரு நரம்பு வருது. மூளைகிட்டயே ஒரு ரத்தக்குழாய் அத ஒரசிக்கினு இருந்தா இப்பிடி ஆவும். மொகத்துல காத்து பட்டாக்கூட ஷாக் அடிக்கும். ஒலகத்துலயே மோசமான வலின்னு இதத்தான் சொல்லுவாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது மேரி. வண்டியில் ஒயரின் மேல்தோல் இரும்பில் உரசி உரசித் தேய்ந்துபோனால், ஹாரனை யாரும் தொடாமலே அடிக்கும். ஹாரனைக் கழற்றிப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. உனக்கு ஹாரனைத்தான் கழற்றியிருக்கிறார்கள், மூன்று முறை.

வியாழக்கிழமைதோறும் நரம்பு டாக்டர் வருகிறாராம். பாரதி அம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இதோடு வைத்திருக்கிறேன். வந்து பார். மாத்திரை இருக்கிறதாம்.

என் முதுகையும் பார்த்தார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, "டிஸ்க்கு கொஞ்சம் பிதுங்கியிருக்கு. ஒங்க வயசுல வலியே இல்லாத ஆளுங்கள நிக்க வெச்சி எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல இது இருக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"அப்ப எனக்கு வலியே இல்லன்றீங்களா?"

"வலி இருக்குதுங்க. பொய்யின்னு சொல்லல. ஆனா வலிக்கிற அளவுக்கு உள்ள ஒடையல. பயந்துபோன நரம்பு சத்தத்த ஜாஸ்தியா வெச்சிருக்கு. படுத்துக்கினே இருந்தீங்கன்னா அது இன்னும் ஜாஸ்திதான் ஆவும். கொஞ்சம் கொஞ்சமா நடங்க, கம்மியாவும்."

சான்றிதழ் தரவில்லை. ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். நான் கோபமாக வந்துவிட்டேன். அது கிடக்கட்டும்.

நானே மேலே வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அந்த வளைவுகளில் என்னால் உட்கார்ந்து வர முடியாது. வெட்கமாக இருக்கிறது.

தைரியநாதன்

*

கரியாலூர்
31.08.2025

பிரின்சி அப்பாவுக்கு,

முந்தின வாரம் வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரைதானாம், இதற்கும் அதுதானாம். இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலை பயந்து பயந்து பல் துலக்கினேன். வரவில்லை. கொளஞ்சியம்மாள் வீட்டில் அடை சுட்டார்கள். ஒன்றை வாங்கி மென்று தின்றேன். தின்றுகொண்டே அழுதேன். அவர் "காரம் ஜாஸ்தியா டீச்சர்?" என்று கேட்டார்.

வகுப்பில் "உட்காருங்கள்" என்றேன். பிள்ளைகள் உட்காராமல் என்னையே பார்த்தார்கள். என் குரலை அவர்கள் கேட்டதில்லை.

நடக்கும்போது கால் தள்ளாடுகிறது. கரும்பலகையில் வரி இரண்டிரண்டாகத் தெரிகிறது. தலைமை ஆசிரியரிடம் டாக்டர் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நான் வந்த பேருந்து நம் தெரு முனையில் நின்றது. ஜன்னல் வழியே உங்களைப் பார்த்தேன். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு, இடுப்பில் கை கொடுத்து நின்றுகொண்டிருந்தீர்கள். நான் இறங்கவில்லை. மாயவன் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையை அசைத்தேன், விசில் கொடுத்துவிட்டார்.

ஏன் இறங்கவில்லை என்று இங்கே வந்து யோசித்தேன். இப்போது என்னால் பேச முடியும் அல்லவா? பேசினால் இதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டு வருடம் உங்கள் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. எழுதியபோதும் நம்பவில்லை, சுப்புராயனைக் கேட்டீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றபடியே சொன்னார், உடனே நம்பிவிட்டீர்கள். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. சொல்ல வரவில்லை.

மேரி

*

கச்சிராயபாளையம்
21.09.2025

மேரிக்கு,

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் தேடினேன். இல்லை.

பதிலுக்கு ஒன்று சொல்கிறேன். இது பாரதி அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஆறு வாரம் முடிந்து போனபோது, "இந்த வலி எப்பலேர்ந்து இவ்ளோ மோசமாச்சி?" என்று கேட்டார். வாய் வரை வந்துவிட்டது, சொல்லிவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன் கரியாலூரிலிருந்து வண்டியை இறக்கிக்கொண்டு வந்தேன். முகூர்த்த நாள், நிற்க இடமில்லாத கூட்டம். வெள்ளிமலை தாண்டி மூன்றாவது வளைவில் இடுப்பு பூட்டிக்கொண்டது. பிரேக்கை மிதிக்கக் கால் போகவில்லை. ஒரு நொடிதான். இரண்டாகவும் இருக்கலாம். முன்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி நின்றது. அந்தக் கல்லுக்கு அப்பால் ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் கண்ணாடியில் வெறும் வானம் தெரிந்தது. பின்னால் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. மாயவன் ஓடி வந்து "இன்னாண்ணே?" என்றான். "ஆடு குறுக்க வந்துச்சிடா" என்றேன். அவன் இன்றுவரை அதைத்தான் நம்புகிறான்.

மறுநாளிலிருந்து படுத்தேன். வலி நிஜம் மேரி, அதில் பொய் இல்லை. ஆனால் வண்டி எடுக்க வேண்டும் என்று நினைத்தாலே ஜாஸ்தியாகும். வலி கம்மியாக இருந்த நாட்களும் உண்டு. அன்றும் படுத்துத்தான் இருந்தேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர்க் குடம் தூக்குகிற சத்தம் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். எழுந்தால் நன்றாகிவிட்டான் என்பார்கள். நன்றானால் ஓட்டச் சொல்வார்கள்.

பாரதி அம்மா சிரிக்கவில்லை. "பயமும் அதே நரம்புலதாங்க போவுது" என்றார். முதல் தடவையே நடக்கச் சொல்லியிருந்தார், கோபம் தணிந்ததும் தொடங்கியிருந்தேன். முதல் நாள் கரண்டு கம்பம் வரை. அடுத்த வாரம் கரும்பு லாரி நிற்கும் இடம் வரை. நேற்று கோமுகி அணைக்கரையில் பாதி தூரம். வலித்தது. வலித்தாலும் உடையவில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். யாரும் பக்கத்தில் இல்லை.

தைரியநாதன்

*

கரியாலூர்
19.10.2025

பிரின்சி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை, அந்தக் குடத்துக்காகக் கோபம் வந்தது. தெருக்குழாயிலிருந்து வாசல்வரை ஒரு நாளைக்கு எத்தனை நடை தெரியுமா? இரண்டாம் முறையும் கோபம்தான். மூன்றாம் முறை, வானம் மட்டும் தெரிந்த அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். அதை மூன்று வருடம் நீங்கள் ஒருவரே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் அடுத்த அறையில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நம் வீட்டில் இரண்டு பேர் இருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

மாத்திரை இனிமேல் உதவாது போலிருக்கிறது. ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு வலி மெல்ல எட்டிப் பார்த்தது. அளவைக் கூட்டினார்கள். உடம்பில் உப்புச் சத்து இறங்கி, மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டேன். பயப்பட வேண்டாம், முட்டியில் சிராய்ப்புதான். தலையைப் படம் எடுத்துப் பார்த்து, பாரதி அம்மா சொன்னதுதான் என்று உறுதியாகச் சொன்னார்கள். உங்கள் ஒயர் கதையை நரம்பு டாக்டரிடம் சொன்னேன். சரியாகச் சொன்னார் என்றார்.

சென்னையில் அறுவை சிகிச்சை செய்யலாமாம். காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எலும்பைத் திறந்து, இரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே பஞ்சு போல ஒன்றை வைத்துவிடுவார்களாம். பலருக்கு அதோடு விட்டுப்போகிறது. சிலருக்கு அந்தப் பக்கம் காது கேட்காமல் போகலாம், முகம் மரத்துப் போகலாம். சிலருக்கு வருடங்கள் கழித்துத் திரும்பியும் வரலாம். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார்கள். நவம்பர் இருபத்து நாலு என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

சம்மதப் படிவத்தில் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பிரின்சி வருவாள். அதனால் நீங்கள் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தூரம் அதிகம். தேதியை மட்டும் தெரிவிக்கிறேன்.

மேரி

*

கச்சிராயபாளையம்
26.10.2025

மேரி,

நேற்று உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். நேரில் வந்து, நான் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்று. மாயவன் முன் சீட்டைக் கொடுத்தான். மலையடிவாரத்து செக்போஸ்ட் வரை உட்கார்ந்து வந்துவிட்டேன். முதல் வளைவில் வண்டி திரும்பியதும் இடுப்பிலிருந்து கால்வரை வெட்டி இழுத்தது. சட்டையெல்லாம் வேர்த்துவிட்டது. "நிறுத்துடா" என்றேன். இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்து செக்போஸ்ட்டுக்கு வந்து, அங்கிருந்த சிமென்ட் மேடையில் படுத்தேன். அடுத்த வண்டியில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மலைக்கு என்னால் வர முடியவில்லை. எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சென்னைக்கு வருவேன். விழுப்புரத்தில் ரயில் ஏறுவேன். ரயிலில் எழுந்து நடக்கலாம். கையெழுத்தை நான் போடுகிறேன். பிரின்சியும் வரட்டும்.

தைரியநாதன்

*

கச்சிராயபாளையம்
14.12.2025

மேரிக்கு,

ஓசூரில் பிரின்சி வீட்டு முகவரிக்கு இதைத் தபாலில் போடுகிறேன். காயம் ஆறிவிட்டதா? தையல் பிரித்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

உன்னை உள்ளே கொண்டுபோனபின் ஐந்து மணி நேரம் அந்த வராந்தாவில் நடந்தேன். ஒரு முனையில் தண்ணீர் டிரம், மறு முனையில் தீயணைப்பு வாளி. முதுகு வலித்ததா என்று கேட்டால், தெரியாது. அன்று அதை நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் நீ பேசலாம் என்றார்கள். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். நீ கண்ணைத் திறந்து, "காப்பி குடிச்சீங்களா?" என்றாய். "ஆச்சி" என்றேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாய். அப்புறம் இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்க் கட்டிடத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். இத்தனை மாதம் பக்கம் பக்கமாக எழுதினோமே மேரி, அதெல்லாம் எங்கே போனது? பேச முடியாத நோய் உனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

பிரின்சி "அம்மாவ நான் கூட்டிக்கினு போறேன்பா, ஒன்னால பாத்துக்க முடியாது" என்றாள். நான் மறுக்கவில்லை. வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன். அதை இப்போது எழுதுகிறேன்.

டிப்போவில் ஒரு தடவை வண்டி எடுத்துப் பார்த்தேன், டிப்போவுக்குள்ளேயே, காலி வண்டி. ஒரு சுற்று. இறங்கி அரை மணி நேரம் படுத்திருந்தேன். மலை வண்டி இனி எனக்கு இல்லை என்று தெரிகிறது. டவுன் பஸ் தருவார்களா என்று பார்க்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்று நான் மட்டும்தான் இருப்பேன்.

தைரியநாதன்

*

கரியாலூர்
28.01.2026

பிரின்சி அப்பாவுக்கு,

இந்த மாதம் ஐந்தாம் தேதி பள்ளியில் சேர்ந்துவிட்டேன். மாத்திரையை முழுவதும் நிறுத்தியாயிற்று. அறுபத்தைந்து நாட்களாக வலி இல்லை. இடது காதில் பாதிதான் கேட்கிறது. உதட்டோரம் கொஞ்சம் மரத்திருக்கிறது, சோற்றுப் பருக்கை ஒட்டினால் தெரிவதில்லை. இன்னும் காலையில் பல் துலக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் கொப்பளிக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை. உடம்பு காரணம் என்று பிரின்சியிடம் சொன்னேன். அது முழுக்க உண்மை இல்லை. ஆஸ்பத்திரியில் வந்த அந்த மௌனம் வீட்டிலும் வந்து உட்கார்ந்துவிடுமோ என்று பயந்தேன். முன்பு அதற்கு நோய் காரணம். இப்போது எதைக் காரணம் சொல்வது?

முந்தாநாள் குடியரசு தினம். தலைமை ஆசிரியர் என்னைப் பேசச் சொன்னார். இதே மனிதர்தான் ஜூலையில் விளக்கம் கேட்டவர். மைக் முன்னால் நின்று பத்து நிமிடம் பேசினேன். காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. துப்பட்டாவை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். இலக்கியா ஓடி வந்து, "சூப்பர் மிஸ்" என்றாள். மிட்டாய் கொடுத்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நானும் அறைக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன். பேசிவிட்டேன் என்று சொல்வதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

அப்போது எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, சத்தமாகப் பேசத் தொடங்கிவிட்டேன். உங்களோடுதான். சாம்பல் புதன் காலையிலிருந்து தொடங்கினேன். பல் பிடுங்கியது, நீங்கள் திட்டியது, குடம், அருவி, பேருந்தில் இறங்காமல் போனது. சில இடத்தில் கத்தினேன். நீங்கள் வராந்தாவில் நடந்ததைப் பிரின்சி சொன்னாள் என்றேன். உங்கள் முதுகுவலியை நம்பாமல் நானும் சில நாள் முணுமுணுத்திருக்கிறேன், அது உங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். தொண்டை கட்டும் வரை பேசினேன்.

கொளஞ்சியம்மாள் கதவைத் தட்டினார். "யாரு டீச்சர் வந்துருக்காங்க? அப்போலேர்ந்து பேசிக்கினே இருக்கிறியே?" என்று கேட்டார்.

"வூட்டுக்காரர்" என்றேன்.

அவர் என் தோளுக்கு மேலாக அறையைப் பார்த்தார். கட்டில், நாற்காலி, கொடியில் என் புடவை. தன் வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறிடப் போவுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு தட்டைச் சாப்பிட்டேன்.

வரும் சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மாற்றல் கேட்கப் போகிறேனா, கோடை வரை இங்கேயே இருக்கப் போகிறேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதைப் பற்றியும் பேச வேண்டும். நிறையப் பேசுவேன். நீங்கள் ரொம்ப நேரம் உட்கார வேண்டியதில்லை, படுத்துக்கொண்டே கேட்கலாம்.

மேரி